முட்டியில் வலி, இடுப்பில் ஊசி

இப்போதெல்லாம் சுளுக்கு என்று வருகிறவர்களுக்கு ஒரு முறையும் இல்லை, மரியாதையும் இல்லை. சன்னாசிக்கு இது நாள் தவறாத எரிச்சல். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது விடியற்காலையில் பல்லில் தண்ணீர் படாமல் வந்து நிற்பார்கள். அவர் கதவைத் திறந்து வெளியே வரும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒருத்தன் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே வாசலில் நிறுத்திக்கொண்டு, "தாத்தா, ரொம்ப சாக்கிட் லா, வலி தாங்கல, சட்டுன்னு ஒரு மிதி மிதிச்சு விடுங்க, எட்டு மணிக்கு வேலை" என்கிறான். கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தவள் ஒருத்தி, போகும்போது அதே கழுத்தை நன்றாகத் திருப்பிக் கூட வந்தவளிடம், "இது தானாவே சரியாயிருக்கும்க்கா" என்கிறாள். தானாகச் சரியாகிறதென்றால் எதற்கடி வந்தாய் என்று கேட்க வாய்வரை வரும். கேட்க மாட்டார். சுளுக்கு எடுத்த கையோடு, இல்லை, எடுத்த காலோடு, வைதால் பலிக்காது என்று ஒரு பேச்சு உண்டு.

காலோடுதான். சன்னாசி தாய் வயிற்றிலிருந்து வெளியே வந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவன் காலால் நீவி விட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இதற்குப் படிப்பு வேண்டாம், மந்திரம் வேண்டாம். இடது பாதத்தால் மேலிருந்து கீழாக மூன்று தடவை. மூன்று விடியற்காலை. அவ்வளவுதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் மகன் ஜெயபாலன் லாரி ஓட்ட ஈப்போவுக்கு வந்தான். கிழவரும் கூட வந்தார். வந்த மறுவாரமே பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி முதற்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எழுபது வயதில் இப்படி ஒரு கிராக்கி யாருக்கு இருக்கிறது? மொத்தத்தில் சன்னாசிக்கு அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தோராம் வருஷம் குறைச்சல் இல்லாத வருஷம்தான், அந்தத் தீபாவளி மாதம் பேத்தி நொண்டிக்கொண்டு வந்து நிற்கும்வரை.

நவமணிக்கு ஆறு வயது. திங்கட்கிழமை மத்தியானம் பாலர் பள்ளியிலிருந்து வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க குட்டி வலிக்குது?"

"முட்டி தாத்தா."

"விழுந்தியா?"

"பெஞ்சுல ஓடிப் பிடிச்சு ஆடினோம். பாத்திமா தள்ளி விட்டுட்டா."

விழுந்தால் சுளுக்கு. சுளுக்கு என்றால் தாத்தா கால். செவ்வாய் விடியலில் அவளைப் பாயில் உட்கார வைத்து முட்டியில் விபூதி பூசி, மேலே பாதத்தை வைத்து மூன்று முறை நீவினார். கூச்சத்தில் சிரித்தாள். அழவில்லை. அதுவே அவருக்கு என்னவோ போலிருந்தது. சுளுக்கு உள்ள இடத்தில் பாதம் பட்டால் வந்தவன் பல்லைக் கடிப்பான், சிரிக்க மாட்டான். புதன்கிழமை அவள் காலைத் தரையில் ஊன மறுத்தாள். மறுபடி நீவினார். மறுபடி முட்டியில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் வீட்டில் வேறு யாரும் இல்லாத வாரம். ஜெயபாலன் லூமுட்டுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து பாரிட் புந்தார் பக்கம் நெல் மூட்டைக்குப் போயிருந்தான். மருமகள் மங்களத்துக்கு ஜவுளி ஆலையில் ராத்திரி ஷிஃப்ட். பிள்ளை கிழவர் பக்கத்தில்தான் படுத்தாள். செவ்வாய் இரவும் புதன் இரவும் அவள் உடம்பு அடுப்புமேல் வைத்த கல்லாகச் சுட்டதைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வியாழன் காலையில் மங்களம் வேலை முடிந்து வந்து, பைகூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ராத்திரி காய்ச்சல் இருந்துச்சா மாமா?"

"காய்ச்சலா? ஒண்ணும் இல்ல."

பொய்தான். அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, கடையில் விற்கிற வெள்ளைக் காய்ச்சல் மாத்திரையில் பாதியை நசுக்கி மைலோ பானத்தில் கலக்கிக் கொடுத்திருந்தார். சூடு இறங்கிப் பிள்ளைக்கு வியர்த்திருந்தது.

பொய் சொல்லக் காரணம் இருந்தது. தோட்டத்தில் சின்னையா என்று ஒரு பால்மரம் வெட்டுகிறவன் இருந்தான். காலில் வீக்கமும் உடம்பில் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனான். போகும்போது இரண்டு காலோடு போனவன் திரும்பி வரும்போது ஒன்றோடு வந்தான். ஏன் வெட்டினார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. வெள்ளைக்காரன் ஏதோ சொன்னான், கட்டுப் போடுகிற டிரசர் தலையை ஆட்டினார் என்றான். அன்றிலிருந்து சன்னாசி மனதில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. கால் வலி மட்டும் என்றால் மருந்து கொடுத்து அனுப்புவான். கால் வலியோடு காய்ச்சலும் என்றால் வாள் எடுப்பான்.

"நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றாள் மங்களம்.

"முட்டி வலிக்கு எவனாச்சும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவானா? மூணாவது தடவை இன்னும் பாக்கி இருக்கு. மூணு நீவாம முடியாது."

"ரெண்டு தடவை நீவினீங்களே, பிள்ளை நடக்குதா?"

கிழவருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நீங்க எங்க மாமா?"

"நானும் வாரேன். நீ கண்ட காயிதத்துல கையெழுத்துப் போட்டு வெப்ப."

டாக்சியில் நவமணி அம்மா மடியில் கிடந்தாள். வலது கால் முட்டி மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்தே இருந்தது. கார் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் முனகினாள். கிழவர் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமலே வந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பெஞ்சு நிறைய ஆட்கள். விரலில் துணி சுற்றிய சீனன், இருமுகிற மலாய்க்கார அம்மா, தலையில் பந்து பட்ட பையன் ஒருவன். மேசையில் இருந்த மலாய் உதவியாளன் பேனாவை எடுத்தான்.

"சாக்கிட் மானா, பாக்சிக்?"

எங்கே வலி, பெரியவரே என்கிறான். கிழவர் தம் முட்டியைத் தட்டிக் காட்டினார். அவன் எழுதிக்கொண்டான். மிஸி என்கிற நர்ஸ் வந்து பிள்ளையின் கக்கத்தில் கண்ணாடிக் குழாயை வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஓகே, சூடு இல்ல" என்றாள். கிழவர் மெல்ல மூச்சு விட்டார். மாத்திரை வேலை செய்கிறது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். அதிகம் போனால் இருபத்தாறு வயது இருக்கும். சட்டையில் குத்தியிருந்த பெயரை மங்களம் படித்துச் சொன்னாள். நாச்சியம்மை. பெயரைப் பார்த்தால் செட்டியார் வீட்டுப் பெண். இவளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளின் கால் என்ன தெரியும் என்று கிழவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார்.

அவர் நினைத்தது சரியாகத்தான் போனது. அவள் பிள்ளையைத் தொடவே இல்லை. கட்டிலில் கிடந்தவளின் முகத்துக்கு நேராகத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"நவமணி."

"பள்ளிக்கூடத்துல யாரு உன் கூட்டாளி?"

"பாத்திமா. ஆனா இப்ப பேச மாட்டேன்."

"ஏன், சண்டையா? சரி, ஒரே ஒரு விரலால வலிக்கிற எடத்தைத் தொட்டுக் காட்டு பாப்போம்."

நவமணி முட்டியைத் தொட்டாள்.

"பாத்தியா, முட்டிதான்" என்றார் கிழவர் மருமகளிடம்.

டாக்டர் பிள்ளையைத் தரையில் இறக்கி நிற்க வைக்கச் சொன்னாள். நாலடி தூரத்தில் தன் கையை நீட்டி வரச் சொன்னாள். நவமணி வலது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு கோழி போல இரண்டு தத்து தத்தி நின்றுவிட்டாள். மூன்றாவதுக்கு உதடு கோணியது. "போதும், போதும், ரொம்ப சமத்து" என்று டாக்டரே தூக்கிக் கட்டிலில் விட்டாள். பிறகு கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு காலைப் பிடித்தாள். பிடித்தது இடது கால்.

"ஏம்மா, அது நல்ல காலு" என்றார் கிழவர்.

"தெரியும் ஐயா. நல்லதை மொதல்ல பாத்தாதான் கெட்டது எவ்வளவு கெட்டதுன்னு தெரியும். பிள்ளைக்கும் பயம் போகும்."

நல்ல காலைப் பார்க்கவா டாக்சி பிடித்து வந்தோம் என்று முணுமுணுத்தார். அவள் இடது காலை மடக்கினாள், நீட்டினாள், உருட்டினாள். பிறகு வலது முட்டியை அமுக்கினாள், சுற்றித் தடவினாள், கொஞ்சம் மடக்கினாள். நவமணி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவருக்குத் தெரிந்த கதைதான் அது. முட்டியில் ஒன்றும் இருக்காது. பிறகு அந்தப் பெண் தொடையையும் கெண்டைக்காலையும் இரண்டு கையால் பிடித்து, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல மொத்தக் காலையும் மெல்ல உள்பக்கம் உருட்டினாள்.

நவமணி வீறிட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த சீனன் எழுந்து நின்றான்.

"என்னம்மா பண்ற நீ!" கிழவர் ஓர் எட்டில் கட்டிலருகே வந்தார். "வலிக்கிற எடத்தை விட்டுட்டு வலிக்காத எடத்தைப் போட்டுத் திருகினா யாருக்குத்தான் வலிக்காது? என் காலைத் திருகு, நானும் கத்துறேன்!"

"மாமா, சும்மா இருங்க" என்றாள் மங்களம்.

டாக்டர் கோபிக்கவில்லை. கையை எடுத்துவிட்டுப் பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள்.

"முட்டியில ஒண்ணும் இல்லீங்க. கோளாறு மேல இடுப்பு மூட்டுல இருக்கு. பிள்ளைங்களுக்கு இடுப்புல வலிச்சா முட்டியிலதான் வலிக்கிற மாதிரி தெரியும்."

கிழவர் மருமகளைப் பார்த்தார். இதை நீ நம்புகிறாயா என்று கேட்கிற பார்வை. மங்களம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கேள்விகள். போன வாரம் சளி பிடித்ததா? பிடித்தது. விழுந்தாளா? விழுந்தாள். வேறு மூட்டு ஏதாவது வீங்கியதா? இல்லை. காய்ச்சல்?

"இல்ல" என்றார் கிழவர், மங்களம் வாயைத் திறக்கும் முன்பே.

படம் எடுக்க அனுப்பினார்கள். கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எலும்பில் முறிவு இல்லை என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு மங்களத்தின் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். சளி புடிச்சு முடிஞ்சதும் சில பிள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டுல கொஞ்சம் தண்ணி கோத்துக்கும். படுத்து எழுந்தா ஒரு வாரத்துல தானா வத்திடும். இன்னொண்ணு, மூட்டுக்குள்ள சீழ் புடிக்கிறது. அது கெட்டது. ஒரு நாள் தள்ளிப் போட்டாக்கூட எலும்பைத் தின்னுடும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான். ஆனா அதுக்குக் காய்ச்சல் அடிக்கும், பிள்ளை வாடிப் போயிடும். இவளுக்குச் சூடு இல்ல, நல்லாப் பேசுறா. அதனால கால் ஊனாம வீட்டுலயே படுக்க வைங்க. சனிக்கிழமை கொண்டாங்க, பாக்கலாம்."

"அப்ப போலாமா?" என்றார் கிழவர்.

"போலாம் ஐயா."

வாள் இல்லை, ஊசிகூட இல்லை. அவர் சட்டைப் பையைத் தடவிச் சுருட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். மங்களம் பிள்ளைக்குப் பாவாடையை இழுத்து விட்டாள். அப்போது டாக்டரின் கண் முட்டியில் நின்றது. அங்கே விபூதி காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

மங்களம் தயங்கினாள். "மாமா சுளுக்குக்குக் கால் வெச்சு நீவி விடுவாங்க. கால் மொதல்ல வந்து பொறந்தவங்க. செவ்வாயும் புதனும் நீவினாங்க."

மலாய் உதவியாளனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். கிழவர் காதுகள் சுட்டன. அடுத்து இந்தப் பெண்ணும் சிரிப்பாள், இல்லாவிட்டால் இந்தக் காலத்திலுமா என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தார்.

அவள் நாற்காலியை இந்த முறை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்ப மூணு நாளா இந்தக் காலைக் கவனிச்சவங்க நீங்கதான். நீவும்போது உங்க பாதத்துக்கு எப்படி இருந்துச்சு ஐயா?"

ஐம்பது வருஷமாக ஆயிரம் பேருக்கு நீவியிருக்கிறார். போச்சா என்று கேட்பார்கள், போயிடுமா என்று கேட்பார்கள். உன் பாதத்துக்கு எப்படி இருந்தது என்று ஓர் ஆள் கேட்டதில்லை. வேண்டாம் என்று நினைப்பதற்குள் வாய் தானாகப் பேசிவிட்டது.

"சுளுக்குன்னா உள்ள ஒரு முடிச்சு நிக்கும். கயிறு மாதிரி. பாதம் பட்டா அது நகரும். இவளுக்கு அங்க ஒண்ணுமே நிக்கல. வாழைத்தண்டை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிக்கிறா வேற."

"ரெண்டாவது நாள்?"

"அதே. ஆனா காலை நேரா நீட்டலாம்னு தொடையைப் புடிச்சேன், அப்ப அலறிட்டா. தவளை மாதிரி மடக்கி வெளிய சாய்ச்சு வெச்சுக்கிட்டாதான் சும்மா படுக்கிறா."

"சுளுக்கு இல்லேன்னு அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

கிழவர் தம் இடது பாதத்தைப் பார்த்தார். மங்களம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "சொன்னா என் கால் என்னத்துக்கு ஆகும்?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "அவ பக்கத்துல படுத்தது நீங்கதானே? தெர்மாமீட்டர் சொல்றதை நான் பாத்துட்டேன். உங்க கை என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க. ராத்திரி உடம்பு எப்படி இருந்துச்சு?"

சொன்னால் சின்னையா. சொல்லாவிட்டால் எலும்பைத் தின்றுவிடும் என்கிறாள். இவள் சொல்வதை அவர் நம்பவில்லை. முட்டி வலிக்கு இடுப்பைப் பிடிக்கிறவளை எப்படி நம்புவது? ஆனால் தம் பாதத்தை நம்பினார். அது பொய் சொன்னதில்லை. இந்தக் காலில் என்னால் ஆவது ஒன்றும் இல்லை என்று செவ்வாய்க்கிழமையே அது சொல்லிவிட்டது. கட்டிலில் நவமணி உதவியாளன் கொடுத்த மிட்டாய்க் காகிதத்தைக் கண்ணில் வைத்துச் சிவப்பாக உலகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொதிச்சுது" என்றார். "ரெண்டு ராத்திரியும். நடுங்கிக்கிட்டே படுத்திருந்தா. காலையில நான்தான் வெள்ளை மாத்திரை பாதி நசுக்கிக் குடுத்தேன். அதான் சூடு தெரியல."

"மாமா!" மங்களத்தின் குரல் அறை முழுவதும் கேட்டது. "நான் கேட்டேனே! வாசல்ல நின்னு கேட்டேனே! இந்த வாயாலதானே இல்லேன்னீங்க!"

"கேட்ட, கேட்ட. இப்பதான் சொல்லிட்டேன்ல."

அதற்குள் டாக்டர் எழுந்துவிட்டாள். இதுவரை கதை பேசிக்கொண்டிருந்த பெண்ணா இவள் என்று இருந்தது. மிஸியைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாள், டெலிபோனில் எலும்பு டாக்டரிடம் ஆங்கிலத்தில் மடமடவென்று பேசினாள், பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம் என்றாள். அரை மணியில் ரத்தத்தின் முடிவு வந்தது. காகிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதைக் கிழவரே கண்டார். மயக்கம் கொடுத்து இடுப்பு மூட்டில் ஊசி விட்டுப் பார்க்க வேண்டும், சீழ் வந்தால் சின்னதாகக் கீறிக் கழுவ வேண்டும், இப்போதே, என்று சொல்லி மங்களத்திடம் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

கிழவர் குறுக்கே கையை வைத்தார்.

"கால் வெட்ட மாட்டீங்கன்னு எழுதிக் குடு."

"ஐயா, இந்தச் சீழுக்குக் காலை எடுக்கிறதே இல்ல."

"இல்லேன்னா எழுதுறதுக்கு என்ன? தமிழ்ல எழுது."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. எம் மருமவ படிப்பா."

உதவியாளன் மணியைப் பார்த்தான். டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல எழுத்துக் கூட்டி எழுதினாள். மங்களம் படித்தாள். "நவமணியின் காலை வெட்டி எடுக்க மாட்டோம். நாச்சியம்மை."

"இன்னொரு தரம் படி."

"மாமா!"

"படின்னா படி."

படித்தாள். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் சுருட்டோடு வைத்துக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தார். மங்களம் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணி நேரம் மருமகளும் மாமனாரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்து, ஊரைச் சுற்றிய சுண்ணாம்பு மலையெல்லாம் மறைந்துபோனது. கிழவர் ஒருமுறை எழுந்து போய் இரண்டு கோப்பி வாங்கி வந்து ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் நெடுநேரம் தொடவில்லை. ஆறிப்போன பிறகு எடுத்துக் குடித்தாள். இனி அவள் கோபம் ரொம்ப நாள் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

எலும்பு டாக்டர் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்து மலாயில் சொன்னான். சீழ் இருந்தது. இரண்டு கரண்டிக்கு மேல் இருக்காது. நல்ல நேரத்தில் எடுத்துவிட்டோம். சனிக்கிழமைவரை விட்டிருந்தால் சொல்ல முடியாது. கிழவர் அவன் பேச்சைக் கேட்காமல், அவன் இடுப்பைத் தாண்டி, கதவு வழியாகத் தள்ளுவண்டியில் வருகிற பிள்ளையின் போர்வையைப் பார்த்தார். போர்வைக்குக் கீழே இரண்டு கால் மேடு தெரிந்தது. கிட்டப் போய் இரண்டையும் தொட்டு எண்ணிப் பார்த்தார். வண்டியைத் தள்ளி வந்த அதே உதவியாளன் இந்த முறை வாயைப் பொத்தாமலே சிரித்தான். கிழவரும் சிரித்துவிட்டார்.

நவமணி தீபாவளியை வார்டிலேயே கொண்டாடினாள். காலில் பட்டை கட்டிக் கட்டில் முனையில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெயபாலன் முறுக்கு டின்னோடு வந்தான். அப்பனிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு நாள் மறைச்சீங்க, ஆனா மூணாவது நாள் நீங்களே சொல்லிட்டீங்கல்ல" என்று மட்டும் சொன்னான். பாத்திமா தன் அம்மாவோடு வந்து ஒரு டப்பா குவே பலகாரம் வைத்துவிட்டு, தள்ளிவிட்டதற்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நவமணி அவளை மன்னித்து, பாரத்தை ஒரு முறை ஆட்டிப் பார்க்க அனுமதி கொடுத்தாள். மிஸி இரண்டு பேரையும் வைதாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவள், சுவரைப் பிடித்து நடந்து, பிறகு மேசையைப் பிடித்து நடந்து, பொங்கலுக்கு முன்பே ஒன்றையும் பிடிக்காமல் நடந்தாள்.

சன்னாசியின் வாசலில் கூட்டம் குறையவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரிக்காரியே அவரிடம் யோசனை கேட்டாளாம் என்று புந்தோங்கில் ஒரு பேச்சு கிளம்பி, இன்னும் நாலு பேர் கூடத்தான் வந்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்தால் மட்டும் முதலில் புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டால் காலைத் தூக்கவே மாட்டார். "சூடு இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரை குடுத்து மறைக்காத" என்று வைதார். சுடவில்லை என்றால் நல்ல காலை முதலில் நீவினார். ஏன் தாத்தா என்று கேட்டால், "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" என்பார்.

மாசி மாதம் கடைசிச் சோதனைக்கு நவமணியைக் கூட்டிப் போனபோது நாச்சியம்மை வழியில் பார்த்துத் தன் அறைக்குக் கூட்டிப் போனாள். பிள்ளையை ஓடச் சொன்னாள், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள், படுக்க வைத்து இரண்டு காலையும் உருட்டினாள். நவமணி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு பள்ளிப் பாட்டுப் பாடினாள்.

"நல்லா இருக்கா. இனிமே வர வேணாம்" என்றாள் டாக்டர். பிறகு கிழவரைப் பார்த்தாள். "ஐயா, அன்னிக்கு நீங்க என்னை நம்பல, தெரியும். ஏன் முட்டியில வலிச்சுதுன்னு இப்பவாச்சும் சொல்றேன், கேளுங்க."

ஒரு காகிதத்தில் காலை வரைந்தாள். இடுப்பிலிருந்து முட்டிவரை ஒரு கோடு இழுத்தாள்.

"இது நரம்பு. இடுப்புக்கும் முட்டிக்கும் ஒரே நரம்புதான் போகுது. வலி கிளம்புறது இடுப்புல. ஆனா மூளைக்குச் சேதி போறப்ப எந்த எடத்துலேர்ந்து வந்துச்சுன்னு குழம்பிடுது. ஈப்போவுல போட்ட தபாலுக்குத் தாப்பா ஊர் முத்திரை குத்தினா எப்படி? அந்த மாதிரி."

கிழவர் காகிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"தபால்காரன் தப்பு பண்ணுவான். அவன் கவர்மெண்டு சம்பளக்காரன்" என்றார். "உடம்பு எதுக்கும்மா பண்ணுது? எனக்குப் பல்லு வலிச்சா பல்லுலதான் வலிக்குது. காதுல வலிக்கல."

"சில பேருக்குக் காதுலயும் வலிக்கும் ஐயா."

"உனக்கு எதைக் கேட்டாலும் ஒரு பதிலு இருக்கு."

"அப்ப சீழ் எங்க இருந்துச்சு? இடுப்புலதானே எடுத்தாங்க?"

"இடுப்புல இருந்துச்சு. இல்லேன்னு நான் சொல்லல. நல்லா எடுத்தீங்க, மவராசியா இரு. ஆனா பிள்ளைக்கு முட்டி வலிச்சது முட்டி வலிதான். அது வேற, இது வேற. ரெண்டும் ஒரே நாள்ல வந்துடுச்சு."

டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி பேனாவை எடுத்தாள். இன்னொரு கோடு போடப் போகிறாள் என்று தெரிந்தது. கிழவர் காகிதத்தை மேசைமேல் வைத்து, அது பறக்காமல் மைக்கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார். "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு, ஓடிப்போன பேத்தியைத் தேடிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். "ஐயா, ஒரு நிமிஷம்" என்று பின்னால் கேட்டது. முட்டிக்கும் இடுப்புக்கும் ஒரு முழத்துக்கு மேல் தூரம் இருக்கிறது, அதுகூடத் தெரியாமல் உடம்பு குழம்புமாம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பேத்தியின் கையைப் பிடித்து வெயிலில் இறங்கிப் பஸ் நிற்கிற பக்கம் போனார்.